செனோவும் ஒத்துழைக்காத முயல்களும்

“அப்பா, வியாழக்கிழமை எங்க க்ளாஸ் மொத்தமும் அங்க வர்றோம். நீ எல்லாருக்கும் காட்டணும்” என்று தொலைபேசியில் சொன்னாள் கொஹரு.

எதைக் காட்ட வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரத்தில் செனோவின் வாய் நிறைய நூடுல்ஸ் இருந்தது. “ம்ம்” என்றார். பெரிய பெரிய வம்புகளெல்லாம் இப்படி ஒரு “ம்ம்”மில்தான் ஆரம்பிக்கின்றன.

“ரிந்தாரோ என்னைப் பொய்க்காரிங்கிறான்ப்பா. எல்லார் முன்னாலயும் சொல்றான். நீ மட்டும் காட்டலைன்னா இனிமே என்னை யாரும் விளையாட்டுல சேத்துக்க மாட்டாங்களாம்.”

செனோ அவசரமாக விழுங்கினார். “நீ என்னம்மா சொன்னே அவன்கிட்ட?”

“நீ தினமும் சொல்றதைத்தான் சொன்னேன்” என்று மூக்கை உறிஞ்சினாள் கொஹரு.

தினமும் சொன்னது என்ன என்று செனோவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? “அழாதடா கண்ணு. அப்பா காட்டுறேன். அந்த ரிந்தாரோ வாயைப் பொளந்து பாக்கப் போறான், பாரு” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். போனை வைத்த பிறகு மிச்ச நூடுல்ஸை அப்படியே மூடி வைத்தார்.

செனோ தினமும் என்ன சொன்னார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஒகிசெ தீவில் மனிதர்களைவிடக் காட்டு முயல்கள்தான் அதிகம். அவற்றைப் பார்க்கக் கரையிலிருந்து ஆட்கள் படகேறி வருவார்கள். முயல்கள் நடைபாதையில் குழி தோண்டும். வருகிறவர்கள் காலை விட்டுச் சுளுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்தக் குழிகளை மூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் செனோ. மனைவிக்கு ஹிரோஷிமாவில் வேலை, மகளுக்கு அங்கே பாலர் பள்ளி. இவர் மட்டும் தனியாகத் தீவில். தினமும் சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே மகளோடு பேசுவது வழக்கம்.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார். “இன்னிக்கு என்னப்பா பண்ணுன?” என்று கேட்பாள். “குழி மூடினேன்” என்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே குழி. அதற்கடுத்த நாள் கொஹரு, “அம்மா, நீயே பேசிக்கோ, எனக்கு வேலை இருக்கு” என்று போனைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்படி என்ன தலை போகிற வேலை? செனோவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நாளிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.

“இன்னிக்குக் காலையில பனி கொட்டின புல்லுல நாங்க ஒரே ஓட்டம், கொஹரு. கறுப்பன் இருக்கானே, ஓடிக்கிட்டே இருந்தவன் அந்தரத்துல ஒரு துள்ளு துள்ளி, இடுப்பை ஒரு முறுக்கு முறுக்கி, வேற பக்கம் பாத்து இறங்குறான்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? சந்தோஷம், வேற என்ன.”

“அப்புறம்?”

“அப்புறம் குழி தோண்டினோம். முன்கையால மண்ணை வாரி பின்பக்கம் வீசணும். தாடைக்காரி மூஞ்சியெல்லாம் மண்ணு. அவ கோவத்துல பின்னங்காலால தரையில தொம்முனு ஒரு மிதி மிதிச்சா பாரு, பருந்துதான் வந்துருச்சுன்னு எல்லாரும் புதருக்குள்ள போய்ட்டோம்.”

“நீயும் போனியா?”

“பின்ன, என்னை மட்டும் பருந்து விட்டுருமா? அப்புறம் ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சு வெளிய வந்து, காலை நீட்டி வெயில்ல படுத்துக்கிட்டோம். கறுப்பன் தலையைக் குனிஞ்சு என் முன்னால வந்து நிக்கிறான். காதைச் சுத்தம் பண்ணி விடணுமாம்.”

“பண்ணி விட்டியா?”

“நம்பி வந்துட்டானே, பண்ணாம இருக்க முடியுமா?”

அதன்பிறகு கொஹரு போனை அம்மாவிடம் கொடுப்பதே இல்லை. புல்லின் ருசி என்ன, மழை பெய்தால் எங்கே ஒதுங்குவீர்கள், கறுப்பனும் தாடைக்காரியும் சண்டை போட்டால் யார் பக்கம் நிற்பாய் என்று கேள்வி மேல் கேள்வி. செனோவும் சளைக்காமல் பதில் சொன்னார்.

கறுப்பனும் தாடைக்காரியும் அவர் பெயர் வைத்த முயல்கள். இத்தனையும் அவர் சாமான் கொட்டகையின் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தவை. ஓட்டம் உண்மை, துள்ளல் உண்மை, காது சுத்தமும் உண்மை. அதில் செனோ இருந்தார் என்பது மட்டும்தான் பொய். தீவிலுள்ள அத்தனை முயல்களும் யார் வந்தாலும் மடியில் ஏறும், செனோவைக் கண்டால் மட்டும் கம்பி நீட்டிவிடும். நீங்களே சொல்லுங்கள், ராத்திரியெல்லாம் பாடுபட்டு நீங்கள் கட்டின வீட்டு வாசலை ஒருவர் விடிந்ததும் மண்வெட்டியோடு வந்து மூடிவிட்டுப் போனால், அவரோடு ஓடிப்பிடித்து விளையாடத் தோன்றுமா?

மறுநாள் காலை செனோ, படகுத்துறைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் கினுயோவிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

“ஐயோ பாவம்” என்றாள் கினுயோ, சிரிப்பை அடக்காமலே. “அந்தப் பிஞ்சு காதுல இவ்வளவு பெரிய பூவைச் சுத்திட்டு, இப்ப முழிக்கிறீங்களா?”

“வியாழக்கிழமை ஒரு முயல், ஒரே ஒரு முயல் என்கிட்ட வந்தாப் போதும், கினுயோ சான். என் பொண்ணைப் பொய்க்காரின்னு சொல்லிருவாங்க.”

“அப்ப முதல்ல பகையைத் தீத்துக்கோங்க. இன்னிக்கு ஒரு நாள் குழியை மூடாதீங்க. அதுங்களுக்கும் உங்க மேல ஒரு நல்லெண்ணம் வரட்டும்.”

செனோ அன்று மண்வெட்டியைத் தொடவில்லை. முயல்களுக்கு நல்லெண்ணம் வந்ததா என்று தெரியாது. தைரியம் வந்தது. வியாழக்கிழமை விடிந்தபோது புல்வெளி சல்லடையாகியிருந்தது. பெஞ்சின் ஒரு கால் தரைக்குள் போய், பெஞ்சு சாய்ந்து படுத்திருந்தது.

“சரி, போகட்டும். அதுங்க மனசு குளிர்ந்திருக்கும்ல” என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, செனோ அடுத்த வேலையில் இறங்கினார். கால்சட்டைப் பைகள் நிறையத் தீவனத்தைத் திணித்துக்கொண்டு, புல்லில் குப்புறப் படுத்துத் தூங்குவது போல் நடித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஈரமான மூக்கு ஒன்று அவர் காது மடலைத் தொட்டது. இன்னொன்று காலை முகர்ந்தது. முயல் மூச்சு கழுத்தில் பட்டபோது செனோவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெயில் இதமாக இருந்தது. நடிப்பு எந்த நிமிடத்தில் நிஜத் தூக்கமாக மாறியது என்று அவருக்கே தெரியாது.

படகின் சங்கொலி கேட்டு எழுந்தபோது ஒரு முயலும் இல்லை. தீவனமும் இல்லை. பையும் இல்லை. கால்சட்டையின் பின்பக்கம் பெரிய ஓட்டை. முயல்கள் பைக்குள் வாயை விடும் சிரமத்தை மேற்கொள்ளாமல், பின்புறமிருந்தே குறுக்கு வழி போட்டிருந்தன.

“கினுயோ சான்!” என்று பின்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினார்.

“மாத்துத் துணி இல்லையா?”

“நேத்துத்தான் துவைச்சுப் போட்டேன். இன்னும் காயல.”

கினுயோ ஒரு வெள்ளைப் பூத்துவாலையை எடுத்து, பந்தாகச் சுருட்டி, ஓட்டை இருந்த இடத்தில் இடுப்புப் பட்டைக்குள் திணித்தாள். “பின்னால திரும்பாம பாத்துக்கோங்க. அப்புறம் இந்தத் தொப்பியையும் முகக்கவசத்தையும் கழட்டுங்க. உங்க மூஞ்சியை முயலுக்குத் தெரியாது. தொப்பியும் முகக்கவசமும்தான் தெரியும். இது ரெண்டையும் பாத்தாத்தான் ஓடுதுங்க.”

“மகரந்தம் எனக்கு ஒத்துக்காதே.”

“பொண்ணு முக்கியமா, மூக்கு முக்கியமா?”

இந்தக் கேள்விக்கு ஓர் அப்பனால் என்ன பதில் சொல்ல முடியும்? கழற்றினார். தொப்பிக்குப் பதிலாகத் தன் தலைத்துணியை அவர் தலையில் கட்டி, உச்சியில் ஒரு முடிச்சுப் போட்டாள் கினுயோ. கஞ்சி போட்ட துணி. முடிச்சின் இரண்டு முனைகளும் விறைப்பாக மேலே நின்றன. செனோ கண்ணாடி பார்க்கவில்லை. நேரமில்லை.

படகிலிருந்து மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்னால் ஹமாதா டீச்சர், பின்னால் கைகோத்தபடி பிள்ளைகள். புல்வெளி முழுக்க முயல்கள். ஒன்று முன்னங்கால்களால் முகம் கழுவிக்கொண்டிருந்தது, ஒன்று இன்னொன்றைத் துரத்திக்கொண்டிருந்தது, கறுப்பன் வழக்கமான துள்ளலில் இருந்தான். “ஆஹா, எவ்ளோ முயல்” என்று டீச்சர் சொல்லி வாயை மூடுவதற்குள், செனோ ஓடி வந்தார். தாடைக்காரி தொம்மென்று ஒரு மிதி. புல்வெளி துடைத்துவிட்டதுபோல் காலியானது.

“எங்க போச்சு எல்லாம்?” என்றார் டீச்சர்.

“வந்துரும், வந்துரும். கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று செனோ வழிந்தார். சொல்லி முடிப்பதற்குள் ஒரு தும்மல். மூக்கு துடிக்க ஆரம்பித்தது. கண்கள் இரண்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்துபோயின.

கொஹரு அவரை உச்சந்தலை முதல் பாதம் வரை பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பாவம் குழந்தை, எவ்வளவு நம்பிக்கையோடு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் செனோ.

வரிசையிலிருந்து பெரிய கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன் விலகி வந்தான். ரிந்தாரோ என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரி கட்டாதவர் வீட்டுக்கு வந்த அதிகாரியின் நடை.

“நீங்கதான் கொஹருவோட அப்பாவா?”

“ஆமாப்பா.”

“எங்க தூங்குவீங்க?”

எதிர்பாராத கேள்விதான். ஆனாலும் விருந்தாளி. “அதோ, அந்த மேட்டுக்குக் கீழ” என்று பணியாளர் விடுதி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“தரைக்குக் கீழயா?”

“பாதி கீழதான் இருக்கு. மழைக்காலத்துல ஒரே ஈரம்.”

ரிந்தாரோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“கொஹரு ஒருத்திதான்.”

“ஒண்ணே ஒண்ணுதானா?” என்றான் பலத்த சந்தேகத்தோடு.

“இப்போதைக்கு” என்று சொல்லி வைத்தார் செனோ. இந்தப் பையனிடம் மாட்டினால் இன்னும் என்னென்ன கேட்பானோ. அவருக்குக் கவலையெல்லாம் முயல் மேல். “கொஞ்சம் பொறுங்க பிள்ளைங்களா, இப்பப் பாருங்க” என்று புதரோரம் போய் நின்று நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார், விசிலடித்துப் பார்த்தார், “கறுப்பா, ஏ கறுப்பா” என்று கொஞ்சிப் பார்த்தார். புதருக்குள்ளிருந்து இரண்டு காதுகள் தெரிந்தன. செனோ மூச்சைப் பிடித்துக்கொண்டார். தும்மலைப் பிடிக்க முடியவில்லை. காதுகள் மறைந்தன.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிள்ளைகள் நீல விரிப்பில் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பெட்டிகளைத் திறந்தார்கள். தோலில் முயல் காது வைத்து வெட்டின ஆப்பிள் துண்டுகள், முட்டைச் சுருள், பூப்போல் நறுக்கின கேரட். செனோ ஓரமாக உட்கார்ந்தார். ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து தன் கேரட்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். உடனே இன்னொரு பையன். பிறகு வரிசையே வந்தது.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒண்ணாவது கேரட் திங்குதா பாருங்க” என்று டீச்சரிடம் அலுத்துக்கொண்டார் செனோ. பிள்ளைகள் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று முன்பற்களால் ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றார். அவருக்கு முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். என்மேல் நம்பிக்கையே போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கடைசிக் கேரட்டை அவர் அவசர அவசரமாக விழுங்கினார்.

கொஹரு அவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். “அப்பா, நல்லாப் பண்ற.”

செனோவுக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும் அப்பனுக்கு மகள் ஆறுதல் சொல்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் மனுஷனே இல்லை.

எழுந்தார். நின்றபடி போனால்தானே ஓடுகிறது? கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்தே புதரை நோக்கிப் போனார். வாயில் ஒரு பிடி இளம்புல். கைகள் இரண்டும் தரையில் இருக்கின்றன, புல்லை வேறு எங்கே வைப்பது? பின்னால் மறைக்க வேண்டிய துவாலைப் பந்தை அவர் சுத்தமாக மறந்துபோனார்.

“டீச்சர், அங்க பாருங்க, பின்னால” என்று ஒரு குழந்தை விரலை நீட்டியது.

“ஷ்ஷ், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது” என்றார் டீச்சர்.

புதரிலிருந்து கறுப்பன் தலையை நீட்டினான். செனோ நின்றார். கறுப்பன் ஓர் அடி வந்தான். செனோவும் ஓர் அடி நகர்ந்தார். இருவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு மூக்கும் துடித்துக்கொண்டிருந்தன, ஒன்று பயத்தில், இன்னொன்று மகரந்தத்தில். கறுப்பன் புல்லின் நுனியை முகர்ந்தான். இதோ, இதோ என்று செனோ மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தரை உள்வாங்கியது. நேற்று மூடாமல் விட்ட குழிதான், ராத்திரியில் சுரங்கமாக வளர்ந்திருந்தது. செனோவின் தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. துவாலைப் பந்து மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே வருவதற்காகக் காலைத் தொம் தொம்மென்று உதைத்தார். அந்தச் சத்தம் கேட்டுத் தீவின் கடைசி மூலை முயல்கூடப் பருந்து வந்துவிட்டதென்று பதுங்கிக்கொண்டது. முன்கைகளால் மண்ணை வாரி வாரிப் பின்பக்கம் வீசி, ஒரு வழியாக அவர் புதரின் மறுபக்கத்துக் குழி வழியாக வெளியே வந்து தலையை நீட்டினார்.

கைதட்டல் கேட்கவில்லை. சிரிப்பும் கேட்கவில்லை. மஞ்சள் தொப்பிகள் எல்லாம் வாயைப் பிளந்தபடி நின்றன.

படகு சங்கு ஊதியது. கிளம்ப வேண்டிய நேரம். ஒரு முயல், ஒரே ஒரு முயல் கூட அவரோடு விளையாடவில்லை. நாளைக்குப் பள்ளியில் கொஹருவை என்னவெல்லாம் சொல்வார்கள்? யாரும் சேர்த்துக்கொள்ளாமல் மணல் தொட்டி ஓரத்தில் அவள் தனியாக நிற்பது செனோவின் கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. பழி அவள் மேல் விழக் கூடாது. வேறு வழியில்லை.

செனோ பிள்ளைகளுக்கு முன்னால் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து, முதுகை வளைத்து, நெற்றி புல்லில் படும்படி குனிந்தார். பெரிய தப்புச் செய்தவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். குனிந்ததில் தலைத்துணியின் இரண்டு முனைகளும் முன்னால் சரிந்தன.

“என்னை மன்னிச்சிருங்க” என்றார் தரையைப் பார்த்தபடி. “தப்பு என்னோடது. கொஹரு ஒண்ணும் பண்ணல. நான்தான் அவகிட்ட தினமும் கதை விட்டேன். இங்க இருக்கற முயல் ஒண்ணுகூட என்னை விளையாட்டுல சேத்துக்காது. என்னைக் கண்டாலே அதுங்களுக்குப் பிடிக்காது.”

பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். மூக்கு துடித்தது. சிவந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது மகரந்தத்தால் மட்டும் வந்ததில்லை.

கேரட் கொடுத்த சின்னப் பெண் மெதுவாக விசும்ப ஆரம்பித்தாள். “பாவம், யாருமே சேத்துக்க மாட்டாங்களாமே” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். செனோ நிமிரவில்லை. எந்த முகத்தோடு நிமிர்வது?

சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. ரிந்தாரோவின் காலணிகள் அவர் நெற்றிக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு சின்னக் கை அவர் முதுகில், புல்லோடும் மண்ணோடும் இருந்த சட்டையில், மெதுவாகத் தடவிக்கொடுத்தது. பிறகு காலணிகள் கொஹரு நின்ற பக்கம் திரும்பின. தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து, ரிந்தாரோ சொன்னான்:

“மன்னிச்சிரு, கொஹரு. உங்கப்பா முயல்னு நீ சொன்னப்ப நான்தான் நம்பல.”